பழைய துப்பாக்கிக்கு யார் விலை வைக்கிறார்கள்?

நண்பர்களே, இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான சப்ஜெக்ட். பழங்காலத் துப்பாக்கிகளைச் சேகரிப்பது. "நீ பி.காம் படிக்கிறவன், உனக்கும் துப்பாக்கிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். எனக்கு அதில் பிடித்ததே அதன் விலைதான். ஒரு பொருள் பயன்படாமல் போன பிறகு அதன் விலை ஏறுகிறது. நாம் படித்த தேய்மானக் கணக்குக்கு நேர் எதிராக இருக்கிறதே! அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு உண்மைக் கதை. 2014 நவம்பர் மாதம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிரேட் பேசின் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பாலைவனமும் மலையுமான வறண்ட பூமி. அங்கே தொல்லியல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு ஜூனிபர் மரத்தில் ஏதோ சாய்ந்து நிற்பதைக் கவனித்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ரைஃபிள்! கட்டை வெளுத்து, வெடித்து, அந்த மரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டது. அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. குழல் முழுக்கத் துரு. சீரியல் நம்பரை வைத்து பழைய கம்பெனிப் பதிவேட்டில் தேடியபோது, அது 1882-ல் தயாராகி அந்த வருடமே அனுப்பப்பட்ட வின்செஸ்டர் 1873 மாடல் என்று தெரிந்தது. யார் வாங்கினார்கள், யார் அந்த மரத்தில் சாய்த்துவிட்டுப் போனார்கள், ஏன் திரும்பி வரவில்லை - எதுவும் தெரியாது.

அதை வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரிலுள்ள துப்பாக்கி மியூசியத்துக்குக் கொண்டுபோய்ப் பாதுகாப்பு வேலைகள் செய்தார்கள். உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்க அங்கேயுள்ள ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் "ரைஃபிள்" என்றே எழுதினார்களாம் :-) உள்ளே குண்டு ஏற்றப்பட்டிருக்கவில்லை. கட்டையின் பின்புறமுள்ள சின்ன அறையில் மட்டும் ஒரே ஒரு தோட்டா இருந்தது.

சரி, அந்தத் துப்பாக்கியின் விலை என்ன? சுடும் கருவி என்று பார்த்தால் எடைக்குப் போடவேண்டிய இரும்பு. ஆனால் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டதால் அந்த ஒரு துப்பாக்கி மேல் ஆசைப்படாத சேகரிப்பாளர் இருக்க மாட்டார். அது அரசாங்கச் சொத்து, விற்பனைக்கு வராது என்பது வேறு விஷயம். ஒரே பொருளுக்கு இரண்டு மதிப்பு எப்படி வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

சட்டை வியாபாரி செய்த துப்பாக்கி

ஆலிவர் வின்செஸ்டர் துப்பாக்கி செய்யும் கொல்லர் இல்லை. சட்டை தயாரித்து விற்ற முதலாளி. அந்த லாபத்தைத் துப்பாக்கிக் கம்பெனியில் போட்டவர். அவரது கம்பெனியிலிருந்து 1860-களில் ஹென்றி ரைஃபிள் வந்தது, அடுத்து 1866 மாடல், அதற்கடுத்து 1873 மாடல். அதுவரை பெரும்பாலான துப்பாக்கிகளில் ஒரு முறை சுட்டால் திரும்ப மருந்து போட்டு, குண்டு போட்டுத்தான் அடுத்த முறை சுட முடியும். வின்செஸ்டரில் விசைக்குக் கீழேயுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும். பழைய தோட்டா வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். 1866 மாடலின் உடம்பு பித்தளைக் கலவை. 1873-ல் இரும்புக்கு மாறினார்கள். சில வருடங்களில் கோல்ட் கம்பெனியும் அதே தோட்டாவைப் போடும்படி கைத்துப்பாக்கி செய்தது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே தோட்டா. விற்காமல் என்ன செய்யும்?

மொத்தம் 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் கொஞ்சம் மேல் செய்தார்கள். ஆரம்பத்தில் விலை 50 டாலர். 1882 வாக்கில் 25 டாலருக்கு இறங்கிவிட்டது. உற்பத்தி கூடினால் ஒரு பொருளுக்கான அடக்கவிலை குறையும் என்று நாம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

"மேற்கை வென்ற துப்பாக்கி" என்று இதைச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது 20-ஆம் நூற்றாண்டில் கம்பெனி பயன்படுத்திய விளம்பர வாசகம். அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வ ஆயுதமாக அப்போது இருந்தது ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் ஸ்பிரிங்ஃபீல்டு. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் கஸ்டரின் படை கையில் இருந்தது அதுதான். எதிரில் நின்ற லக்கோட்டா, செயேன் வீரர்கள் சிலரிடம்தான் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. யாரிடமிருந்து அந்த மேற்கை "வென்றார்கள்" என்று யோசித்தால் விளம்பரத்தின் இனிப்பு கொஞ்சம் குறைந்துவிடும்.

ஆயிரத்தில் ஒன்று

1870-களின் நடுவில் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. தயாராகும் குழல்களைச் சுட்டுப் பார்க்கும்போது மிகவும் துல்லியமாகச் சுடுபவற்றைத் தனியே எடுத்து, கூடுதல் வேலைப்பாடு செய்து, குழல் மேல் "ஆயிரத்தில் ஒன்று" என்று பொறித்து 100 டாலருக்கு விற்றார்கள். திட்டம் அவ்வளவாக ஓடவில்லை. காரணம் எளிது. ஆயிரத்தில் ஒன்றுதான் நன்றாகச் சுடும் என்றால் மிச்சம் 999 எப்படி என்று வாங்குபவன் யோசிப்பானே! 1873 மாடலில் அப்படி வந்தவை 130 சொச்சம் மட்டுமே.

அவற்றைப் பல வருடம் எல்லோரும் மறந்தே போனார்கள். பிறகு 1950-ல் "வின்செஸ்டர் 73" என்று ஒரு படம் வந்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்தது, ஆண்டனி மான் இயக்கம். கதாநாயகன் போட்டியில் ஜெயிக்கும் "ஆயிரத்தில் ஒன்று" துப்பாக்கி கை மாறிக் கை மாறிப் போவதுதான் கதை. படத்தின் விளம்பரத்துக்காக யுனிவர்சல் கம்பெனி "உங்கள் வீட்டில் நிஜமான ஆயிரத்தில் ஒன்று இருக்கிறதா?" என்று நாடு முழுக்கத் தேடியது. இருபதுக்கு மேல் வெளியே வந்தன. அதுவரை பரணிலும் மூலையிலும் கிடந்தவை ஒரே நாளில் பொக்கிஷமாகிவிட்டன. இன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான டாலர் போகிறது.

இதே கதை இங்கிலாந்திலும் உண்டு. 1964-ல் வந்த "ஜூலு" படத்துக்குப் பிறகு, 1879-ல் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையில் பயன்பட்ட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளைத் தேடும் ரசிகர் கூட்டம் உருவானது. சினிமா பார்த்த பையன் வளர்ந்து, வேலைக்குப் போய், கையில் காசு சேர்ந்ததும் அந்தச் சினிமாவில் பார்த்ததை வாங்குகிறான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எதிர்காலம் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

விலையைத் தீர்மானிப்பவை

ஒரு பழைய ரைஃபிளின் விலையை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன.

1. அபூர்வம். எத்தனை செய்தார்கள் என்பதைவிட எத்தனை மிச்சம் இருக்கிறது என்பது முக்கியம்.

2. நிலை. பழைய மெருகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? சாதாரண 1873 மாடல் தேய்ந்த நிலையில் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் அளவில் கிடைக்கும். அதே மாடல் அந்தக் காலப் பளபளப்போடு இருந்தால் பத்தாயிரங்களில் பேசுவார்கள்.

3. அசல் தன்மை. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். துருப்பிடித்த துப்பாக்கியை நன்றாகத் தேய்த்து, புது மெருகு ஏற்றி, கட்டையை மாற்றினால் விலை ஏறும் என்று நினைப்போம். இறங்கும்! நாமாக ஏற்றிய மெருகு அசலை அழித்துவிடுகிறது. பழைய நாணயத்தைப் புளி போட்டுத் தேய்த்து நாசமாக்குவது மாதிரிதான்.

4. வரலாறு. யாரிடம் இருந்தது, அதற்கு என்ன ஆதாரம்?

இந்த நாலாவதுதான் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 2016-ல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் ஒரு வின்செஸ்டர் 1886 ரைஃபிள் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போனது, ஏலக் கமிஷனும் சேர்த்து. அதன் சீரியல் நம்பர் 1. அபாச்சி தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திய படைக்குத் தலைமை வகித்த கேப்டன் ஹென்றி லாட்டனுக்கு அவரது நண்பர் பரிசாகக் கொடுத்தது. கவனியுங்கள், ஜெரோனிமோவைப் பிடிக்க இந்தத் துப்பாக்கி பயன்படவில்லை. அவர் 1886 செப்டம்பரில் சரணடைந்ததைக் கொண்டாடுவதற்காகக் கொடுத்த பரிசு இது. சண்டைக்கே போகாத துப்பாக்கி சண்டையின் பெயரால் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 2021-ல் பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்டுக் கொன்ற ஷெரிஃப் பாட் காரெட்டின் கோல்ட் கைத்துப்பாக்கி போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. இதே கைத்துப்பாக்கி வரலாறு இல்லாமல் வந்திருந்தால் நூற்றில் ஒரு பங்கு கூடக் கிடைத்திருக்காது. விலை முழுக்க அதோடு வந்த காகிதங்களுக்குத்தான்.

காகிதம் பொய் சொல்லலாம், இரும்பு சொல்லாது என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 1983-ல் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. மண் வெளியே தெரிந்ததும் 1984, 85-ல் அகழாய்வு செய்தார்கள். கிடைத்த காலித் தோட்டாக்கள் ஒவ்வொன்றின் அடியிலும் துப்பாக்கியின் ஊசி குத்திய தடம் இருந்தது. போலீஸ் கொலை வழக்கில் செய்வது போலத் தடங்களை ஒப்பிட்டு, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். இன்றும் இருக்கும் பழைய துப்பாக்கிகள் சிலவற்றைச் சுட்டுப் பார்த்து, இது அந்தக் களத்தில் இருந்ததுதான் என்று உறுதி செய்யவும் முடிந்தது. குடும்பக் கதையாக இருந்தது ஆதாரமாக மாறிவிட்டது.

1898 என்ற கோடு

இனி சட்டம். அமெரிக்காவில் 1968-ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி 1898-ஆம் ஆண்டு முடிவதற்குள் தயாரானவை "பழம்பொருள்". மத்திய அரசின் சட்டத்தைப் பொறுத்தவரை அவை துப்பாக்கியே அல்ல! உரிமம் பெற்ற வியாபாரி மூலமாகத்தான் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் அனுப்பலாம். (மாநிலச் சட்டங்கள் வேறாக இருக்கலாம்.)

வேடிக்கை என்னவென்றால் இந்தக் கோடு நகர்வதே இல்லை. 1968-ல் 70 வயதானது பழம்பொருள். இன்று 1899-ல் பிறந்த துப்பாக்கிக்கு 125 வயது தாண்டியும் அது பழம்பொருள் இல்லை! ஆகவே ஒரே தொழிற்சாலையில் டிசம்பரில் வந்ததற்கும் அடுத்த ஜனவரியில் வந்ததற்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம், அதனால் விலையிலும் வித்தியாசம். ஜெர்மனியின் லுட்விக் லோவே கம்பெனி முத்திரை உள்ள மவுசர் ரைஃபிள்களை ஆட்கள் தேடி வாங்குவது இதனால்தான். அந்தப் பெயர் 1890-களிலேயே மறைந்துவிட்டது. முத்திரை இருந்தாலே கோட்டுக்கு இந்தப் பக்கம் என்று அர்த்தம். பொருளாதார மொழியில் சொன்னால், சப்ளையை அரசாங்கமே நிரந்தரமாகப் பூட்டிவிட்டது. தேவை கூடினாலும் புதிதாக ஒன்று கூட உள்ளே வர முடியாது.

ஒன்று கூட வர முடியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோதுதான் காத்மாண்டுவின் கதவு திறந்தது.

காத்மாண்டு அரண்மனையின் கிடங்கு

நேபாளம் யாருக்கும் காலனியாக இருந்ததில்லை. 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பெனியோடு சண்டை போட்டுத் தோற்று நிலத்தை இழந்தது, ஆனால் ஆட்சியை இழக்கவில்லை. ராணா பரம்பரைப் பிரதமர்கள் காலத்தில் ராணுவத்துக்கு விதவிதமான ஆயுதங்கள் வந்தன. பிரிட்டிஷார் கொடுத்தவை சில, வாங்கியவை சில, உள்ளூரிலேயே பார்த்துச் செய்தவை சில. புதுசு வந்ததும் பழசைத் தூக்கிப் போடவில்லை. லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் அடுக்கி வைத்தார்கள். அதன் மேல் இன்னொரு அடுக்கு. அப்படியே நூறு வருடத்துக்கு மேல்.

2003-ல் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து அந்தக் கிடங்கையே விலைக்கு வாங்கின. 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள்! பிரவுன் பெஸ் மஸ்கட்டுகள், பிரன்ஸ்விக், என்ஃபீல்டு, ஸ்னைடர், மார்ட்டினி-ஹென்றி. கூடவே நேபாளத்தின் சொந்தத் தயாரிப்பான கஹேந்திரா ரைஃபிள். ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் பெயரில் வந்தது. பார்க்க மார்ட்டினி மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு அமைப்பு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு அதுவரை அது கிட்டத்தட்ட அறிமுகமே இல்லாத ஆயுதம். பெரும்பாலானவை 1898 கோட்டுக்கு முந்தியவை என்பதால் பழம்பொருளாக அமெரிக்காவுக்குள் வருவதில் சிக்கல் இல்லை.

சந்தையில் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அமெரிக்காவில் மார்ட்டினி-ஹென்றி வேண்டும் என்றால் முன்பு தேடி அலையவேண்டும். திடீரென்று தபாலில் ஆர்டர் செய்யும் பொருளாகிவிட்டது. நூறு வருட கிரீஸும் தூசியும் அப்பிய நிலையில் "சுத்தம் செய்யாதது" என்று ஒரு விலை, சுத்தம் செய்தது என்று ஒரு விலை, நன்றாக இருப்பதைப் பொறுக்கித் தந்தால் மேலே கொஞ்சம். மாணவனும் வாங்கும் விலைக்கு விக்டோரியா காலத்து ரைஃபிள்! சேகரிப்பில் புதிதாக நிறையப் பேர் நுழைந்தது அதனால்தான். அதே சமயம் "இது அபூர்வம்" என்று முன்பே அதிக விலை கொடுத்து வாங்கி வைத்தவர்கள் வயிற்றில் புளி கரைந்திருக்கும்.

இதில் நான் கற்றுக்கொண்ட பாடம்: சந்தையில் அபூர்வம் என்பது வேறு, உலகத்தில் அபூர்வம் என்பது வேறு. எங்கோ ஒரு பூட்டிய கிடங்கு இருக்கிறதா என்று எந்த விலைப் பட்டியலும் சொல்லாது.

ஆனால் கணக்கோடு இதை விட்டுவிட மனசு வரவில்லை. 2003-ல் நேபாளம் எப்படி இருந்தது? 1996-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 2001-ல் அரச குடும்பமே அரண்மனைக்குள் கொல்லப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்நாட்டு ராணுவத்தின் இருநூறு வருட ஞாபகம் கப்பலேறியது. வாங்கியவர்கள் அதைக் காப்பாற்றினார்கள் என்றும் சொல்லலாம், ஈரத்திலும் கறையானிலும் அழிந்திருக்கும். ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்தவரை அது ஒரு நாட்டின் வரலாறு. ஐம்பதாயிரம் வீட்டுச் சுவர்களில் தொங்கும்போது அது அலங்காரப் பொருள். இரண்டும் ஒன்றா?

நம்மிடம் ஏன் இல்லை?

நேபாளத்திடம் இவ்வளவு இருந்தபோது நம்மிடம் ஏன் இல்லை? காரணம் நாம் ஆயுதம் பறிக்கப்பட்டவர்கள். 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிவிப்பு வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று குழலின் உள்ளே சுருள் வரிகள் இல்லாத வழவழ மஸ்கட்டைத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் என்ஃபீல்டு மாதிரியே இருக்கும், தூரத்தில் குறி தப்பும். அரசாங்கத்தின் அவநம்பிக்கையைக் குழலுக்குள் விரல் விட்டுத் தொட்டுப் பார்க்கலாம்! 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு கொடுத்தது.

ஒரு விதிவிலக்கு, குடகு. அங்குள்ள கொடவர்களுக்குப் பிரிட்டிஷ் காலத்தில் கிடைத்த உரிம விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்போது பண்டிகையில் வீட்டுத் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். அவர்களுக்கு அது சேகரிப்பு இல்லை, சொத்தும் இல்லை. ஆயுத பூஜையில் நாம் அரிவாளையும் மோட்டார் பைக்கையும் கும்பிடுகிறோமே அந்த மாதிரி உறவு.

மற்றவர்களுக்கு 1959 ஆயுதச் சட்டம்தான். சுடவே முடியாத, பழுது பார்த்தாலும் சுடாத பழம்பொருளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. இதோடு 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. எனவே நம் நாட்டில் இது வியாபாரமாக வளர வழியே இல்லை. பார்க்கவேண்டும் என்றால் எழும்பூர் மியூசியம் போங்கள், தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை அங்கே இருக்கின்றன.

வெளியே போனவற்றின் கதையைக் கேளுங்கள். 2023-ல் திப்பு சுல்தானின் வாள் ஒன்று லண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அதே 2023-ல், திப்புவுக்காக 1793-94-ல் செய்யப்பட்ட ஒரு வேட்டைத் துப்பாக்கி, மதிப்பு 20 லட்சம் பவுண்டு, நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது. அது பிரிட்டனின் பாரம்பரியத்துக்கு முக்கியமாம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முதலீடு என்றால் லாபமா?

இப்போது கால்குலேட்டரை எடுப்போம். 1875-ல் 100 டாலர் கொடுத்து வாங்கிய "ஆயிரத்தில் ஒன்று" 150 வருடம் கழித்து 3 லட்சம் டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 3000 மடங்கு! மயக்கமே வரும். ஆனால் கூட்டு வட்டியில் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 5.5 சதவீதம்தான். நம் ஊர் பேங்க் டெபாசிட் அளவு. சாதாரண 1873 மாடல், 50 டாலருக்கு வாங்கியது, இன்று 1500 டாலர் என்றால் வருடம் 2.3 சதவீதம். அவ்வளவுதான் ஐயா.

இதில் செலவுகளைக் கழிக்கவில்லை. பாதுகாப்பு, இன்சூரன்ஸ், விற்கும்போது ஏலக் கமிஷன். அமெரிக்காவில் சேகரிப்புப் பொருளின் நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி, பங்குகளுக்கு அது அதிகபட்சம் 20 சதவீதம். இடையில் வாடகையும் வராது, டிவிடெண்டும் வராது. அவசரத்துக்கு விற்கவும் முடியாது, சரியான ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டும். இன்னொன்று, ஏலத்தில் சாதனை படைத்தவைதான் செய்தியாகின்றன. விலை போகாமல் திரும்பியவை செய்தியாவதில்லை. லாட்டரியில் ஜெயித்தவனை மட்டும் பேட்டி எடுப்பது போல.

இனி என்ன ஆகும்?

முதல் விஷயம் வயது. 1950-களில் கௌபாய் படங்களும், 1955 முதல் 1975 வரை ஓடிய "கன்ஸ்மோக்" தொடரும் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் வின்செஸ்டரை விலை ஏற்றியது. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. வாரிசுகள் எல்லோருக்கும் அந்த ஆசை இருக்காது. சேர்த்தவை ஒவ்வொன்றாகச் சந்தைக்குத் திரும்பும். காத்மாண்டுவில் ஒரே நாளில் நடந்தது இங்கே மெதுவாக நடக்கும், அவ்வளவே. மறுபக்கம், 2018-ல் வந்த "ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2" மாதிரி வீடியோ கேம்கள் ஒரு புதுத் தலைமுறைக்கு அதே துப்பாக்கிகளை அறிமுகம் செய்திருக்கின்றன. சினிமா செய்த வேலையை கேம் செய்யுமா என்பது இவர்கள் கையில் காசு சேரும்போது தெரியும்.

இரண்டாவது, பதிலிப் பொருள். இத்தாலியின் உபெர்ட்டி கம்பெனி 1873 மாடலின் நகலைப் பல வருடமாகச் செய்கிறது. 2013 முதல் வின்செஸ்டர் பெயரிலேயே ஜப்பானில் செய்யப்பட்டும் வருகிறது. சுட்டுப் பார்க்கும் ஆசைக்கு நகல் போதும். அதனால் தேய்ந்துபோன சாதாரண அசலுக்குத்தான் அடி விழும். ஆதாரம் உள்ள அசலுக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது சட்டம். பிரிட்டனில் பழைய துப்பாக்கிகளைக் குற்றவாளிகள் பயன்படுத்துகிறார்கள் என்று 2021-ல் விதிகளை இறுக்கினார்கள். ஏழு வகைத் தோட்டா அளவுகள் "வழக்கொழிந்தவை" பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நேற்று வரை சுவரில் தொங்கிய அலங்காரம் மறுநாள் உரிமம் தேவைப்படும் ஆயுதம். ஒரு கையெழுத்தில் சொத்தின் தன்மையே மாறிவிடும் என்பதை முதலீடு என்று பேசுபவர்கள் மறந்துவிடக்கூடாது.

நான்காவது இணையம். ஈபே 1999-லேயே துப்பாக்கி விற்பனையை நிறுத்திவிட்டது. அதே வருடம் கன்புரோக்கர் என்ற தனி ஏலத்தளம் வந்தது. முன்பு ஊருக்கு ஒரு விலை. இப்போது எந்த மாடல் எவ்வளவுக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். "அபூர்வம்" என்று சொல்லி ஏமாற்றுவது கஷ்டம். நல்ல பொருளுக்குப் போட்டி கூடும், சுமாரான பொருள் அப்படியே கிடக்கும்.

என் கணிப்பு இதுதான். இந்தச் சந்தை இரண்டாகப் பிரியும். மேலே, பெயரும் ஆதாரமும் உள்ள சில நூறு துப்பாக்கிகள், பணக்காரர்களும் மியூசியங்களும் போட்டி போடும் இடம். அங்கே விலை ஏறும். கீழே, பெயரில்லாத லட்சக்கணக்கான துப்பாக்கிகள். அங்கே விலை விலைவாசியோடு ஓடினாலே பெரிய விஷயம். வரலாற்று ஆசைக்காக வாங்குபவனுக்கு இது நல்ல காலம். லாபத்துக்காக வாங்குபவன் மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போகலாம் :-)

ஆனால் இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் இரும்பில் இல்லை, மரத்தில் இல்லை. "இது இன்னாருடையது" என்று யாரோ ஒருவர் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்த ஒரு சீட்டில் இருக்கிறது. லாட்டனின் துப்பாக்கிக்கு அது இருந்தது. நெவாடாவில் கிடைத்ததன் சொந்தக்காரருக்கு எழுதி வைக்க வாய்ப்பில்லாமல் போய்விட்டது. அபாச்சிகளின் பக்கத்துக் கதையை எழுதிச் சீட்டு ஒட்ட அன்று யாரும் இல்லை. அதனால் ஏலத்தில் அவர்கள் எப்போதும் வேறொருவர் துப்பாக்கியின் விலையை ஏற்றும் பெயராக மட்டுமே வருகிறார்கள்.

நம் வீடுகளில் ரைஃபிள் இருக்காது. (தாத்தா பெட்டியில் கிடைத்தால் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்கள், உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.) ஆனால் பழைய தராசு, வெற்றிலைச் செல்லம், கணக்குப் பிள்ளையின் பேரேடு, ரங்கூனிலிருந்து வந்த தேக்குப் பெட்டி என்று ஏதாவது இருக்கும். அது யாருடையது, எப்போது, எப்படி வந்தது என்று பாட்டியிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் தேதியோடு எழுதி அதனுள்ளேயே போட்டு வையுங்கள். விற்பதற்காக இல்லை. எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய சாமான்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.